பூட்டு இருக்கிறது, பூட்டினீர்களா?

வெப் டெவலப்பர்களின் கேள்விகளுக்குப் பதில் – திருகோணமலையிலிருந்து

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்துதான். சித்திரை பிறந்ததும் கிழக்குக் கடல் அடங்கிவிடும், சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்குவார்கள். மாரி முழுக்கத் தூங்கிக் கிடந்த புக்கிங் சைட்டுகளில் அப்போதுதான் ஒரே நேரத்தில் பத்துப் பேர் கை வைக்கிறார்கள், கோளாறும் அப்போதுதான் தெரிகிறது. கடிதம் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. எந்த சைட்டில் எந்த ஓட்டை என்று ஊருக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கடிதங்களில் அடிக்கடி வரும் லாரவெல் பிஎச்பி மொழிக்கான பிரேம்வேர்க், ஜாங்கோ பைத்தன் மொழிக்கானது. பிரேம்வேர்க் என்றால் சைட் கட்டுவதற்கு ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்.

அக்கா, ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு லாரவெலில் புக்கிங் சைட் செய்து கொடுத்தேன். லொகின் முழுக்க லாரவெல் தந்ததுதான். போன கிழமை தங்க வந்த ஒருவர், முகவரியின் கடைசியில் இருக்கிற இலக்கத்தை மாற்றினால் வேறு ஆளுடைய புக்கிங் தெரிகிறது என்று முதலாளியிடம் காட்டியிருக்கிறார். லாரவெல் பாதுகாப்பானது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? – நிலாவெளி வாசகர்

தம்பி, முதலில் அந்தப் பக்கத்தை இப்போதே நிறுத்திவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

இதே பிழையை நான் 2014இல் செய்தேன். அதுவும் ஒரு தங்குமிடம்தான். பயணிகள் பாஸ்போர்ட் பிரதியை முன்கூட்டியே ஏற்றிவிடலாம் என்று ஒரு வசதி வைத்திருந்தேன். ஒரு நாள் அங்கே தங்கியிருந்த பெண் ஒருவர் தன் போனை வரவேற்பு மேசையில் வைத்து, ‘என்னுடையது 41, நான் 42 என்று மாற்றினேன்’ என்று காட்டினார். திரையில் ஒரு சின்னப் பிள்ளையின் பாஸ்போர்ட். அந்தப் பிள்ளையின் முகமும் பிறந்த திகதியும் யாரோ முன்பின் தெரியாதவர் கையில் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நிலாவெளிக்குப் போய் முதலாளியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்த சைட்டில் பிரதி ஏற்றியிருந்த ஒவ்வொருவருக்கும் இருவரும் சேர்ந்து மின்னஞ்சல் எழுதினோம். நீங்களும் அதைச் செய்ய வேண்டியிருக்கும். முதலாளி ஏசினால் ஏசட்டும்.

லாரவெலின் லொகின் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: ‘நீங்கள் யார்?’ அந்த வேலையை அது நன்றாகவே செய்யும். ‘இந்தப் புக்கிங் உங்களுடையதா?’ என்பது வேறு கேள்வி. எது யாருக்குச் சொந்தம் என்பது உங்கள் வியாபாரத்தின் சங்கதி, எந்தப் பிரேம்வேர்க்குக்கும் அது தானாகத் தெரியாது. இணையச் செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட முக்கியமான பத்து ஆபத்துகளின் பட்டியலில், ஐந்தாவது இடத்திலிருந்த இந்த அனுமதிப் பிழை முதலாம் இடத்துக்கு வந்தது. தரவுத்தளக் கட்டளைக்குள் வெளியாள் தன் கட்டளையை நுழைக்கும் எஸ்.கியூ.எல். ஊடுருவல் போன்றவற்றைப் பிரேம்வேர்க்குகள் பெருமளவு அடைத்துவிட்டன. இதை அடைக்க வேண்டியது நாங்கள்தான்.

வழி இதுதான். ‘42ஆம் புக்கிங்கைக் கொண்டு வா’ என்று தரவுத்தளத்திடம் கேட்கவே கேட்காதீர்கள். ‘இப்போது லொகின் செய்திருப்பவருடைய புக்கிங்குகளுக்குள் 42ஐக் கொண்டு வா’ என்று கேளுங்கள். லாரவெலில் பயனரின் உறவு வழியாகத் தேடினால் ஒரே வரி. ஜாங்கோவில் கெட்-கியூரிசெட் என்ற இடத்திலேயே பயனரால் வடிகட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று சொன்னால் அப்படி ஒரு புக்கிங் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். முகாமையாளர், வரவேற்பாளர் என்று வேறு வேறு ஆட்கள் பார்க்க வேண்டியிருந்தால் அந்த விதிகளை ‘பொலிசி’ வகுப்பில் ஒரே இடத்தில் எழுதுங்கள். பார்க்கும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, ரத்துச் செய்யும் வழியையும் பி.டி.எஃப். இறக்கும் வழியையும் மொபைல் செயலி சேர்வரோடு பேசும் வழியான ஏ.பி.ஐ.யையும் திறந்து விட்ட சைட்டுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நாலையும் பாருங்கள்.

இலக்கத்துக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீளமான அடையாளமான யூ.யூ.ஐ.டி. போட்டால் போதாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். போடுங்கள், நல்லது. ஆனால் அந்த முகவரியை ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. உரிமைச் சோதனை எப்படியும் வேண்டும்.

கோப்புகள் இன்னொரு சங்கதி. பாஸ்போர்ட் பிரதி பொதுக் கோப்புறையில் இருந்தால் நீங்கள் போட்ட பொலிசி அதைத் தொடவே தொடாது. சேர்வர் நேரே எடுத்துக் கொடுத்துவிடும். வெளியே தெரியாத கோப்புறையில் வைத்து, சோதனை முடிந்த பிறகு உங்கள் நிரல் வழியாக மட்டும் கொடுங்கள். பயணி திரும்பிப் போன பிறகும் அந்தப் பிரதி உங்களுக்கு எதற்கு என்பதை முதலாளியிடம் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. வைத்திருக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டிய காலம் இது.

கடைசியாக, ஒரு சோதனை எழுதி வையுங்கள். இரண்டு பயனர்களை உருவாக்குவது, முதலாமவரின் புக்கிங்கை இரண்டாமவராகத் திறப்பது, 404 வருகிறதா என்று பார்ப்பது. பத்து வரிதான். இனி நீங்கள் எதை மாற்றினாலும் இந்தக் கதவு திறந்து கிடந்தால் அது உடனே கத்தும்.

புறாமலைக்குப் போகிற போட்டுக்கு ஒன்லைனில் சீட் விற்கிறோம். ஒரு போட்டில் பத்துப் பேர். போன ஞாயிறு பன்னிரண்டு பேர் காசு கட்டிவிட்டு லைஃப் ஜாக்கெட் கேட்டு நின்றார்கள். இருக்கிற சீட்டைப் பார்த்த பிறகுதான் விற்கிறது என் நிரல். எத்தனை தரம் சோதித்தாலும் எனக்குச் சரியாகத்தான் வருகிறது. எங்கே பிழை? – உப்புவெளி வாசகர்

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நிரலில் சோதனை இருக்கிறது, ஆனாலும் பிழை நடக்கிறது. இதைவிட நல்ல கேள்வி இந்த வருடம் எனக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்திருக்கும் என்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். எட்டுச் சீட் போய்விட்டது, மிச்சம் இரண்டு. கொழும்பிலிருந்து ஒரு சோடி ‘இரண்டு’ என்று அழுத்துகிறது. நிரல் தரவுத்தளத்தில் மிச்சத்தைக் கேட்கிறது. இரண்டு என்று பதில். ‘சரி, விற்கலாம்’ என்று முடிவெடுக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள், ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும், உப்புவெளி ஹோட்டல் ஒன்றிலிருந்து இன்னொரு சோடி அழுத்துகிறது. மிச்சம் இன்னும் மாறவில்லை. இரண்டு என்றுதான் அவர்களுக்கும் பதில். இரண்டு பேரும் எழுதுகிறார்கள். பன்னிரண்டு.

பார்ப்பது ஒரு வேலை, எழுதுவது இன்னொரு வேலை, நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பிழை. நீங்கள் ஒரு ஆளாக ஒரு கணினியில் சோதித்தால் இடைவெளிக்குள் நுழைய வேறு ஆள் இல்லையே, அதனால்தான் உங்களுக்கு எப்போதும் சரியாக வருகிறது.

ஒன்லைன் வருவதற்கு முன்பு கரையில் இது எப்படி நடந்தது? ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பேனை. ஒருவருக்குப் பெயர் எழுதி முடியும்வரை மற்றவர் காத்து நிற்பார். கொப்பி ஒன்று என்பதே பூட்டு. தரவுத்தளத்திலும் அந்தக் கொப்பியைத்தான் கொண்டு வர வேண்டும். அதற்கு இரண்டு வழி.

முதல் வழி, பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்குவது. ‘இந்தப் பயணத்தின் மிச்சத்தில் இரண்டைக் கழி, ஆனால் மிச்சம் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும்’ என்று ஒரே அப்டேட். அது அட்டவணையில் எத்தனை வரிசைகளை (ரோக்களை) மாற்றியது என்று தரவுத்தளம் திருப்பிச் சொல்லும். ஒன்று என்றால் சீட் உங்களுடையது. பூச்சியம் என்றால் யாரோ முந்திவிட்டார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்; போட் சீட்டுக்கு இது தாராளம்.

இரண்டாவது வழி, டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாக் கட்டளையும் ஒன்றாக முடியும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காத தொகுதிக்குள்) அந்தப் பயண வரிசையைப் பூட்டிவிட்டுப் பார்ப்பது. லாரவெலில் ‘லொக் ஃபோர் அப்டேட்’, ஜாங்கோவில் ‘செலக்ட் ஃபோர் அப்டேட்’. கணக்குச் சிக்கலாக இருந்தால், அதாவது சிறுவர் கட்டணம், குழுக் கழிவு, இரண்டு போட் என்றெல்லாம் இருந்தால் இது வசதி. ஆனால் பூட்டைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. உறுதி மின்னஞ்சலை டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சல் சேர்வர் மூன்று செக்கன் எடுத்தால் பின்னால் வரிசையில் நிற்கும் எல்லோரும் மூன்று செக்கன் காத்திருப்பார்கள். மின்னஞ்சலைக் கியூவில் போட்டு, டிரான்சாக்‌ஷன் முடிந்த பிறகு அனுப்புங்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பழைய மைஐசாம் வகை அட்டவணை இருந்தால் அதில் டிரான்சாக்‌ஷனே கிடையாது. பிழைச் செய்தியும் காட்டாமல் சும்மா இருந்துவிடும். அட்டவணை இன்னோடிபி என்பதை ஒரு தரம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சீட்டுக்கு இலக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பயணமும் சீட் இலக்கமும் சேர்ந்து ஒரு தரம்தான் வரலாம் என்று தரவுத்தளத்திலேயே யுனீக் கட்டுப்பாடு போட்டுவிடலாம். அதற்குப் பிறகு உங்கள் நிரலில் எந்தப் பிழை இருந்தாலும் இரண்டாவது ஆளுக்கு அதே சீட் எழுதப்படாது.

இனிக் காசு. அட்டையில் கட்டிவிட்டு உலாவி உங்கள் ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்பி வந்தால் காசு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என நினைக்கிறேன். அந்தப் பக்கத்தின் முகவரியை யாரும் கையால் தட்டலாம். காசு சேகரிக்கும் சேவை உங்கள் சேர்வருக்கு நேரே அனுப்பும் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும். அதிலுள்ள கையொப்பத்தை உங்கள் இரகசியச் சாவியால் சரிபார்த்து, தொகையும் நாணயமும் நீங்கள் கேட்டவைதானா என்றும் பார்க்க வேண்டும். அதே அறிவிப்பு இரண்டு மூன்று தரமும் வரலாம். கட்டண இலக்கத்துக்கு யுனீக் போட்டு வைத்தால் ஒரு தரம்தான் பதிவாகும். காசு கட்டும்வரை சீட்டைப் பதினைந்து நிமிடம் பிடித்து வைத்து, கட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சோதிப்பது எப்படி? மிச்சம் ஒரு சீட் என்று வைத்து, அப்பாச்சி பெஞ்ச் போன்ற கருவியால் ஒரே நேரத்தில் ஐம்பது கோரிக்கை அனுப்புங்கள். ஒன்றுதான் வெல்ல வேண்டும். சாதாரண நாளில் அழகாக ஓடுகிற சைட் புதுவருட லீவில் விழுவது இதனால்தான். போட்டில் இரண்டு பேர் கூடினால் அது கணக்குப் பிழையோடு நிற்காது, நடுக்கடலில் உயிர்ச் சங்கதி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

சேர், மன்னிக்கவும், அக்கா என்று பிறகுதான் கண்டேன். லாரவெலில் ஃபோர்ம் அனுப்பினால் அடிக்கடி 419, ‘பேஜ் எக்ஸ்பயர்ட்’ என்று வருகிறது. யூடியூபில் பார்த்து சி.எஸ்.ஆர்.எஃப். சோதனையை நிறுத்திவிட்டேன், இப்போது பிரச்சினை இல்லை. சரிதானே? – திருகோணமலை நகர வாசகர்

சரியில்லை தம்பி, திரும்பப் போடுங்கள்.

உங்கள் கடைக்காரர் காலையில் சைட்டின் நிர்வாகப் பக்கத்தில் லொகின் செய்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அதே உலாவியில் யாரோ அனுப்பிய ஒரு லிங்கைத் திறக்கிறார். அந்தப் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோர்ம், உங்கள் சைட்டுக்கு ‘விலையை ஒரு ரூபாய் ஆக்கு’ என்று அனுப்புகிறது. கடைக்காரரின் லொகினை நினைவில் வைத்திருக்கும் குக்கியும் கூடவே போவதால் உங்கள் சேர்வர் அதை அவரே செய்ததாக எடுத்துக்கொள்ளும். இதுதான் சி.எஸ்.ஆர்.எஃப். தாக்குதல். அந்தக் கள்ள ஃபோர்முக்குத் தெரியாத ஒரே பொருள் டோக்கன், அதாவது உங்கள் சைட் தன் ஃபோர்முக்குள் வைக்கும் இரகசிய எழுத்துத் தொடர். அதைத்தான் நீங்கள் கழற்றியிருக்கிறீர்கள். குரோம் உலாவி 2020இல் குக்கிகளுக்கு ‘லாக்ஸ்’ என்பதை, அதாவது வேறு சைட்டிலிருந்து வரும் ஃபோர்மோடு குக்கி போகாத முறையை, இயல்பாக்கியதால் இந்த ஆபத்து குறைந்தது உண்மை. குறைந்ததை நம்பிக் கதவைக் கழற்ற வேண்டாம்.

419 ஏன் வருகிறது என்பதைத் தேடுங்கள். டோக்கன் இருப்பது செஷனுக்குள், அதாவது பயனரின் வருகையைச் சேர்வர் நினைவில் வைக்கும் இடத்தில். லாரவெலில் செஷனின் ஆயுள் இயல்பாக 120 நிமிடம். காலையில் திறந்த ஃபோர்மை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அனுப்பினால் 419தான். ஃபோர்முக்குள் சி.எஸ்.ஆர்.எஃப். வரியையே மறந்திருக்கலாம். முழுப் பக்கத்தையும் கேஷ் செய்து, அதாவது ஒரு தரம் தயாரித்ததைச் சேமித்து வைத்து, ஒருவருடைய டோக்கனை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். காசு சேவையின் அறிவிப்பு வரும் முகவரிக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே டோக்கன் வராது, கையொப்பம் வரும்.

தம்பலகாமத்தில் நெல் கொள்வனவு செய்கிறவர் ஒருவருக்கு விவசாயிகள் பட்டியல் செய்து கொடுத்தேன். என் வீட்டுக் கணினியில் பறக்கிறது. அங்கே போனில் திறந்தால் ஒன்பது பத்துச் செக்கன். சேர்வரைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேணுமா? – தம்பலகாமம் வாசகர்

வாங்க வேண்டாம். முந்நூறு விவசாயிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கிராமத்தின் பெயர், கடைசியாக நெல் கொடுத்த திகதி. லூப்புக்குள் விவசாயியிடமிருந்து கிராமத்தை எடுக்கிறீர்கள் அல்லவா? அந்த இடத்தில் ஒவ்வொரு தரமும் தரவுத்தளத்துக்கு ஒரு பயணம். பட்டியலுக்கு ஒன்று, கிராமத்துக்கு முந்நூறு, திகதிக்கு முந்நூறு: 601 கேள்விகள். ஒன்றுக்கு நான்கு மில்லி செக்கன் என்றாலும் 2.4 செக்கன் அங்கேயே போய்விட்டது. உங்கள் வீட்டில் சோதனைக்கு ஐந்து பேரைத்தான் போட்டிருப்பீர்கள், அதனால் பதினொரு கேள்வி. பறக்காமல் என்ன செய்யும்?

தேவையானதை முன்கூட்டியே சேர்த்துக் கேளுங்கள். லாரவெலில் ‘வித்’, ஜாங்கோவில் ‘செலக்ட் ரிலேட்டட்’, ‘பிரீஃபெட்ச் ரிலேட்டட்’. 601 மூன்றாகிவிடும். இனி இப்படி நடக்கவே கூடாது என்றால், லாரவெலில் இப்படித் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும் சோம்பேறி ஏற்றலைத் தடுக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. உருவாக்கும் கணினியில் அதைப் போட்டு வைத்தால் லூப்புக்குள் கேள்வி கேட்டவுடன் பிழையாக எறியும். கேள்விகளைத் திரையில் எண்ணிக் காட்டும் டிபக்பார் கருவியும் போட்டு, பக்கத்துக்கு எத்தனை கேள்வி என்ற எண்ணைப் பார்க்கிற பழக்கத்தைப் பிடியுங்கள். பக்கத்துக்கு இருபதைத் தாண்டினால் நான் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு ஏன் என்று பார்ப்பேன்.

அடுத்தது இன்டெக்ஸ், தரவுத்தளம் சீக்கிரம் தேடுவதற்கு அடுக்கி வைக்கும் பட்டியல். வாக்காளர் இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வீதிப்படி அடுக்கி, வீதிக்குள் வீட்டிலக்கப்படி அடுக்கியிருக்கிறது. வீதியும் தெரியும் இலக்கமும் தெரியும் என்றால் உடனே எடுக்கலாம். வீதி மட்டும் தெரிந்தாலும் எடுக்கலாம். ‘12ஆம் இலக்க வீடு’ என்று மட்டும் சொன்னால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். கிராமம், திகதி என்ற வரிசையில் அட்டவணையின் இரண்டு கொலம்களுக்குச் சேர்த்து இன்டெக்ஸ் போட்டால் அதுவும் இப்படித்தான் வேலை செய்யும். திகதியால் மட்டும் தேடினால் அது உதவாது. வருடத்தைப் பிரித்தெடுத்து ‘வருடம் 2024’ என்று தேடினாலும் பெரும்பாலும் உதவாது. ஜனவரி 1 முதல் அடுத்த ஜனவரி 1க்கு முன்வரை என்று எழுதுங்கள். எக்ஸ்பிளைன் கட்டளை கொடுத்தால் எந்த இன்டெக்ஸை எடுத்தது, எத்தனை வரிசையைப் புரட்டியது என்று தரவுத்தளமே சொல்லும்.

போனில் மட்டும் மெத்தச் சுணங்குவதற்குக் காரணம் படங்கள். விவசாயியின் படம் போன் கமராவில் எடுத்தபடியே 2 எம்.பி. என்றால், இருபத்தைந்து பேரைக் காட்டவே 50 எம்.பி. டேட்டா போகும். ரீலோட் போட்டுப் பாவிக்கிறவருக்கு அது காசு. ஏற்றும்போதே 200 பிக்சல் அகலத்தில் வெப்பி வடிவத்தில் ஒரு சின்னப் பிரதி செய்து வையுங்கள், பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரியுங்கள். கேஷ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் தேவைப்பட்டால் பார்க்கலாம்.

நான் 2009இல் பிஎச்பி படித்தவன். பிரேம்வேர்க் ஒன்றும் இல்லாமலே பல கடைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். மகன் லாரவெல் படிக்கச் சொல்கிறான். இந்த வயதில் தேவையா? – கிண்ணியா வாசகர்

தேவை ஐயா. உங்கள் அனுபவத்துக்கு ஒரு மாதம் போதும்.

நான் தொடங்கிய காலத்திலும் எச்.டி.எம்.எல். நடுவில் நேரே எஸ்.கியூ.எல். வரியை ஒட்டித்தான் எழுதினோம். ஒரு தரம், பெயருக்கு நடுவில் மேற்கோள் குறி வருகிற ஒரு பறங்கியர் குடும்பத்தவரால் நான் செய்த சைட்டில் பதிவு செய்யவே முடியவில்லை. ஒவ்வொரு தரமும் வெள்ளைத் திரை. அவருடைய பெயரில் இருந்த ஒரு சின்னக் குறி என் எஸ்.கியூ.எல். வரியை நடுவில் உடைத்துவிட்டது. நல்ல மனிதர் ஒருவரின் பெயரே உடைக்கும் என்றால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் அந்த உடைசலுக்குள் தன் கட்டளையை நுழைக்கலாம். எஸ்.கியூ.எல். ஊடுருவல் என்ற இந்தத் தாக்குதல் பற்றிப் பொதுவெளியில் முதலில் எழுதப்பட்டது 1998இல். நாங்கள் பத்து வருடம் கழித்தும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

நீங்கள் பாவித்த பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளைப் பிஎச்பி 7 வந்தபோது, 2015இல், எடுத்தே விட்டார்கள். அதனால் அந்தக் கடைகளின் சைட்டுகள் இன்றும் ஓடுகின்றன என்றால் மிகப் பழைய பிஎச்பியில் ஓடுகின்றன. அவற்றை முதலில் பாருங்கள்.

பிரேம்வேர்க்கில் பெறுமதி வேறாகவும் கேள்வி வேறாகவும் போகும். மேற்கோள் குறி வெறும் எழுத்தாகவே இருக்கும். மகனுக்கும் ஒன்று சொல்லுங்கள்: வரிசைப்படுத்தும் கொலத்தின் பெயரைப் பயனரிடமிருந்து வாங்கி அப்படியே ‘ரோ’ கேள்விக்குள், அதாவது கையால் எழுதும் நேரடி எஸ்.கியூ.எல்.லுக்குள், வைத்தால் பழைய ஓட்டை திரும்ப வரும். கொலத்தின் பெயரை அப்படிப் பிரித்து அனுப்ப முடியாது. ‘விலை, திகதி, பெயர்’ என்று அனுமதித்த பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். லாரவெலின் பக்க வார்ப்பு முறையான பிளேடில் இரட்டை வளைவு அடைப்பு தானாகவே எழுத்துகளைச் சுத்தம் செய்து காட்டும். ஆச்சரியக்குறி போட்ட அடைப்பு செய்யாது. பயணிகள் எழுதும் கருத்துக்கு இரண்டாவதைப் பாவித்தால் அவர்கள் எழுதும் ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடும். 2005இல் மைஸ்பேஸ் தளத்தில் சாமி என்ற புழு இருபது மணித்தியாலத்துக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பக்கங்களுக்குப் பரவியது இந்த வழியால்தான்.

லாரவெல் கோப்புறை முழுவதையும் ஹோஸ்டிங்கில் பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளே போட்டேன். ஓடுகிறது. பிரச்சினை உண்டா? – மூதூர் வாசகி

உண்டு தங்கச்சி. உலாவியில் உங்கள் சைட்டின் பெயருக்குப் பின்னால் ‘/.என்வ்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். லாரவெல் தன் இரகசிய அமைப்புகளை வைக்கும் கோப்பு அது; பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். தரவுத்தளப் பாஸ்வேர்ட் திரையில் வந்தால், அதை ஏற்கனவே வேறு யாரோவும் பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தேடுகிற ரோபோக்கள் இரவு பகலாக அலைகின்றன. ‘பப்ளிக்’ என்ற உட்கோப்புறை மட்டும் வெளியே தெரிய வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு ஒரு படி மேலே. இடத்தை மாற்றிய பிறகு எல்லாப் பாஸ்வேர்ட்டையும் சாவியையும் மாற்றுங்கள். பிழையின் உள்விபரத்தைத் திரையில் காட்டும் டிபக் மோடையும் நிறுத்துங்கள். 2021 தொடக்கத்தில் வெளிவந்த, லாரவெலின் பிழைத்திரையான இக்னிஷனின் ஓட்டையில், டிபக் திறந்திருந்த லாரவெல் சைட்டுகளில் வெளியாள் தன் கட்டளையை ஓட்டக்கூடியதாக இருந்தது.

சைட் நன்றாக ஓடும்போது அப்டேட் செய்யப் போய் ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? கடைக்காரர் பராமரிப்புக்குக் காசு தருவதில்லை. – சாம்பல்தீவு வாசகர்

உடையும் என்ற பயம் நியாயமானது. ஆனால் 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். அவர்கள் பாவித்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் பிரேம்வேர்க்கின் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. ஒரு சேர்வரில் அதைப் போடவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தார்கள். ஏறக்குறைய 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரம் போனது. திருத்தம் வெளிவரும் நாளில், ஓட்டை எங்கே என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

லாரவெலின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தம் இரண்டு வருடம் வரும். இதை விலை பேசும் நாளிலேயே கடைக்காரரிடம் சொல்லி, பராமரிப்பைத் தனி வரியாக விலைப்பட்டியலில் போடுங்கள். போட் என்ஜினுக்கு சேர்விஸ் செய்யாமல் யாரும் கடலுக்குப் போவதில்லை, அவர்களுக்கு இது விளங்கும். நான் மாதத்தின் முதல் வெள்ளியில் கம்போசர் ஓடிட், என்.பி.எம். ஓடிட் இரண்டையும் ஓட்டுகிறேன்; நான் பாவிக்கும் பொதிகளில் தெரிந்த ஓட்டை உண்டா என்று அவை சொல்லும். சோதனைச் சேர்வரில் அப்டேட் செய்து, பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை அதே சேர்வரில் மீட்டெடுத்தும் பார்க்கிறேன். மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

மிஸ், நான் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிறேன். பாஸ்வேர்டைத் தமிழில் நீளமான வசனமாக வைத்தால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்தானே? நான் செய்கிற சைட்டில் அதை அனுமதிக்கலாமா? – திருகோணமலை மாணவி

கட்டாயம் அனுமதியுங்கள் மகள். தமிழ் எழுத்து வேண்டாம் என்று தடுக்கிற சைட்டைக் கண்டால் எனக்கு வருத்தம்தான் வரும். ஆனால் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கொப்பியில் போட்டுப் பார்ப்போம்.

‘திருகோணமலை’ எங்கள் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குத் தகரம் வேறு, அதன் மேலிருக்கும் விசிறி வேறு. தி இரண்டு, ரு இரண்டு, கோ இரண்டு, ண, ம ஒவ்வொன்று, லை இரண்டு. மொத்தம் பத்து. எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், ஆகவே முப்பது பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தான்.

லாரவெல் பாஸ்வேர்டை ஹாஷ் செய்ய, அதாவது திருப்பி எடுக்க முடியாத வடிவமாக்க, இயல்பாகப் பாவிப்பது பிக்ரிப்ட். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல் இப்படி மெதுவான ஹாஷ் போடுவது மிக நல்ல பூட்டு, அதைக் கழற்றாதீர்கள். ஆனால் பிஎச்பியில் பிக்ரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். நீங்கள் ‘திருகோணமலைக் கடற்கரையில் மான்’ என்று வைக்கிறீர்கள் என்போம். முதல் சொல் 36 பைட், இடைவெளி 1, இரண்டாம் சொல் 33, இன்னொரு இடைவெளி 1. 71 ஆகிவிட்டது. மானுக்கு மிச்சம் ஒரே ஒரு பைட், அந்த முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றுதான். அதனால் ‘திருகோணமலைக் கடற்கரையில் யானை’ என்று தட்டினாலும் கதவு திறக்கும்! லாரவெலின் நீளச் சோதனை இதைப் பிடிக்காது, அது பைட்டை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது.

ஹாஷ் முறையை ஆர்கன்2ஐடி என்ற வேறு முறைக்கு மாற்றினால் இந்த எல்லை இல்லை. பழைய பயனர்கள் இருந்தால், மாற்றிய பிறகும் அவர்களால் உள்ளே வர முடிகிறதா என்று முதலில் சோதனைச் சேர்வரில் பாருங்கள். ஜாங்கோ இயல்பாகப் பாவிக்கும் முறையிலும் இந்த எல்லை இல்லை.

இன்னொன்று. ‘கோ’வை ககரமும் ‘ோ’ என்ற ஒரே குறியுமாக எழுதலாம். ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட் வேறு. வீட்டுக் கணினியில் வைத்த பாஸ்வேர்ட் போன் விசைப்பலகையில் மறுக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். பிஎச்பியின் இன்டில் நீட்சியில் நோர்மலைசர் என்று ஒன்று இருக்கிறது. பதியும்போதும் லொகின் செய்யும்போதும் ஹாஷுக்கு முன் அதன் வழியாக அனுப்பினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தேடல் பெட்டிக்கும் அதையே செய்யுங்கள், ‘கோணேசர்’ என்று தட்டினால் கோயில் கிடைக்காமல் போகிற முறைப்பாடும் அதோடு நின்றுவிடும்.